ஒண்ணாம் பக்கத்து அளவு

பிப்ரவரி 3

சின்னவளுக்கு அக்கா எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். அதை முதல் வரியிலேயே எழுதாவிட்டால் நீ பதறிப்போய்விடுவாய். பாப்பாவுக்குச் சளி விட்டதா? உன் மாமியாருக்குக் கால் வீக்கம் வடிந்ததா?

கடல் கடந்து வருகிற இந்தப் பார்சலில் ஆறு கவுன் இருக்கிறது. நீ சொன்ன அளவுக்குத்தான் வெட்டினேன். ஆனாலும் கை கேட்கவில்லை, பக்கத் தையலில் அரை இஞ்ச் துணி உள்ளே விட்டிருக்கிறேன். பிள்ளை சதை பிடித்தால் பிரித்து விட்டுக்கொள். இந்தக் கடிதத்தைப் பச்சைக் கவுனின் பாக்கெட்டில் வைக்கிறேன். போனில் பேச முடியாத விஷயம். போன் என்றால் உன் மாமா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு, நான் பேசுகிற நடுவில், "உங்கக்கா உக்காந்து இன்னொரு நாற்காலி போச்சும்மா" என்று உனக்குச் செய்தி வாசிப்பார். இருபத்தைந்து வருஷமாக அவருக்கு அந்த ஒரே செய்திதான்.

நம் தையல் கடையின் அளவு நோட்டு ஞாபகம் இருக்கிறதா? அதில் பேர் எழுதக் கூடாது, பக்க நம்பர்தான். பேரைச் சொன்னால் இடுப்பளவு தெரிந்துவிடும், தெரு சிரிக்கும் என்று நான் போட்ட சட்டம். ஒண்ணாம் பக்கம் இன்னும் உன் ஒன்பது வயசுக் கையெழுத்தில்தான் ஆரம்பிக்கிறது. கடை திறந்த அன்று நான் டேப்பைச் சுற்றிப் படிக்கப் படிக்க நீ எழுதினாய். அப்போது கடையில் நம் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லை. ரெண்டாம் பக்கத்து ரொட்டிக் கடைக்காரம்மாகூட அடுத்த வாரம்தான் வந்தாள். வருஷா வருஷம் அதே தேதியில் ஒண்ணாம் பக்கத்தை மறுபடி அளந்து கீழே எழுதுகிற வழக்கத்தை நான் விடவில்லை. இந்த வருஷம் இடுப்பு ஐம்பத்து நாலு.

ஒண்ணாம் பக்கத்துக்கு இப்போது வயசு ஐம்பத்திரண்டு. மாசாமாசம் வருவது நின்று இரண்டு வருஷம் ஆயிற்று. மூன்று வாரமாக மறுபடி படுகிறது. வலி இல்லை, கறைதான். நீ இதையெல்லாம் காலேஜில் படித்தவள். என்ன செய்யலாம் என்று எழுது. தபாலில் வருகிற கடிதத்தை உன் மாமா பிரித்துப் படித்துவிட்டுத்தான் என் கையில் கொடுப்பார். அதனால் ஒண்ணாம் பக்கம் என்று மட்டும் எழுது. எனக்குப் புரியும்.

பாப்பாவின் உள்ளங்காலுக்கு ஒரு முத்தம்.

உன் அக்கா


மார்ச் 29

என் அக்காவுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. டாக்டரம்மா வைத்திருக்கும் அட்டையில் பாப்பாவின் எடைப் புள்ளி கோட்டுக்குக் கீழேயே ஊர்ந்துகொண்டிருக்கிறது. ஏழு மாதத்தில் ஐந்தே முக்கால் கிலோ. வீட்டிலேயே ஒரு எடை மிஷின் வாங்கிவிட்டேன். காலையும் மாலையும் நிறுக்கிறேன். இவர் என்னைப் பார்த்து, "பிள்ளைய வளக்கிறியா, விக்கிறியா?" என்கிறார். இந்தக் கவலையில் உனக்கு எழுத ஏழு வாரம் ஓடிவிட்டது. கோபிக்காதே.

உன் கடிதத்தைப் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரே ஓட்டமாகப் படித்தேன். திரும்பப் பாக்கெட்டில் வைத்தது தப்பு. மாமியார் அந்தக் கவுனை மிஷினில் போட்டுவிட்டார், கடிதம் கூழாகி வந்தது. ஞாபகத்தில் இருப்பதை வைத்து எழுதுகிறேன். உன் நோட்டின் ஒண்ணாம் பக்கம், இடுப்பு ஐம்பத்து நாலு, நின்றுபோனது திரும்பி வந்திருக்கிறது. சரிதானே? ஒண்ணாம் பக்கம் யாரென்று எனக்கா தெரியாது! நடந்து வந்தால் கடைக்குள் வெளிச்சம் குறையுமே!

உன் தொழிலிலேயே சொல்கிறேன். கர்ப்பப்பைக்கு உள்ளே ஒரு லைனிங் துணி இருக்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் அதை வளர்த்துக்கொண்டே போகும். புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொன்று கத்தரிக்கோல் மாதிரி, அதை அளவில் நிறுத்தும். மாதவிடாய் நின்ற பிறகு கத்தரிக்கோல் போய்விடுகிறது. ஈஸ்ட்ரோஜனும் குறைந்துவிட்டால் தொல்லை இல்லை. ஆனால் உடம்பில் இருக்கும் கொழுப்பு சும்மா கிடப்பதில்லை அக்கா, அது பாட்டுக்கு ஈஸ்ட்ரோஜனைக் காய்ச்சிக்கொண்டே இருக்கும். கூடவே இன்சுலினும் ஏறிப்போய் அந்த லைனிங்குக்கு உரம் போடும். கேட்க ஆளில்லாமல் வளர்ந்த துணி கெட்டுப்போய்ப் புற்றுநோய் வரைக்கும் போகலாம்.

ஆக, வேர் எங்கே? கொழுப்பில். அதைக் குறைத்தால் ஹார்மோன் குறையும், ஹார்மோன் குறைந்தால் கறை நிற்கும். மாவும் சர்க்கரையுமே கதி என்று உட்கார்ந்திருந்தால் வேறென்ன ஆகும்? இவ்வளவு பெருக்கிற வரைக்கும் வீட்டில் கண்ணாடிகூட இல்லையா அந்தம்மாவுக்கு? இப்போது டாக்டரிடம் போனால் எடை மிஷினிலேயே திட்டு ஆரம்பித்துவிடும். முதலில் பத்துக் கிலோ இளைக்கட்டும். அப்புறம் போகலாம், போகவே வேண்டியிருக்காது. நான் சொன்னதாகவே சொல்.

ஊராருக்கெல்லாம் கேட்டாயே, உன்னைப் பற்றி ஒரு வரி எழுதினாயா? அடுத்த கடிதத்தில் எழுது.

தூக்கம் கெட்ட தங்கை


ஏப்ரல் 9

சின்னவளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பாப்பாவின் எடையை நினைத்து நான் பயப்படவில்லை, நீயும் பயப்படாதே. நீயே ஒரு வயசு வரை கோழிக்குஞ்சு கனம்தான் இருந்தாய். உன்னைத் தூக்கிக்கொண்டு மிஷின் மிதித்தவள் நான், எனக்குத் தெரியாதா?

நினைத்த மாதிரியே உன் மாமா கடிதத்தைப் பிரித்துவிட்டார். பிரித்ததோடு விடவில்லை. சாப்பிடும்போது சத்தமாகப் படித்தார். கண்ணாடி வந்த இடத்தில் புரையேறுகிற அளவுக்குச் சிரிப்பு. "உன் தங்கச்சி யாரோ ஒரு பொம்பளய வெளுத்து வாங்கியிருக்கா பாரு! படிச்சவ படிச்சவதான். நீயும் காதுல போட்டுக்க." நான் தட்டைப் பார்த்துக்கொண்டே போட்டுக்கொண்டேன்.

கண்ணாடி இருக்கிறது. கடையில் ஆளுயரத்துக்கு இருக்கிறது. அளவு எடுக்கும்போது வருகிறவர்களைத்தான் அதில் பார்ப்பேன்.

நீ எழுதினதை நாலு தரம் படித்தேன். கத்தரிக்கோல் இல்லாத கடை என்பது நன்றாகப் புரிந்தது. ஒண்ணாம் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டாள். தினமும் ஆற்றுப் பாலம் வரை போய்த் திரும்புகிறாள். மாவும் சர்க்கரையும் என்று எழுதியிருந்தாய். காலைக் காபியோடு இரண்டு பிஸ்கட் உண்டு. உனக்கு எப்படித் தெரிந்தது என்று ஆச்சரியமாக இருந்தது. அதையும் நிறுத்தியாயிற்று.

ரெண்டு தொப்பி அனுப்பியிருக்கிறேன். காது மூடுகிற மாதிரி வை.

அக்கா


மே 16

அக்கா,

சுகமா? இங்கே ஒரு நல்ல செய்தி. பாப்பா இருநூறு கிராம் ஏறினாள். மறு வாரம் பேதியாகி நூற்றைம்பது இறங்கிவிட்டாள். பாம்பு ஏணி விளையாட்டு மாதிரி இருக்கிறது. அவள் தொடையில் ஒரு மடிப்பு விழுந்தால் போதும், எனக்கு வேறொன்றும் வேண்டாம். கொழு கொழு பிள்ளை வைத்திருக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.

தொப்பி கச்சிதம். மாமா சிரித்தார் என்று எழுதியிருந்தாயே, அவருக்கும் என் கும்பிடு. நகைச்சுவை உணர்ச்சி உள்ள மனிதர்.

உன் ஒண்ணாம் பக்கம் நடக்கிறாள் என்றதும் எனக்கு ஒரே பெருமை. பார்த்தாயா, சொல்கிற விதத்தில் சொன்னால் கேட்பார்கள். இந்த மாதிரிப் பெண்களிடம் பாவம் பார்த்துப் பேசினால் வேலைக்கு ஆகாது. விடாமல் பின்னால் நில். ஒரு வாரம் நடந்துவிட்டு அடுத்த வாரம் அதற்கும் சேர்த்துத் தின்கிற ஜாதி அது.

நீ உன்னைப் பற்றி இந்தத் தடவையும் எழுதவில்லை. கையில் பிள்ளை அழுகிறது, நிறுத்துகிறேன்.

தங்கை


ஜூன் 2

சின்னவளுக்கு,

பேதிக்கு உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடு. நீயும் வேளைக்குச் சாப்பிடு.

ஒண்ணாம் பக்கம் நாலரைக் கிலோ குறைந்தாள். நூற்றெட்டாக இருந்தது இப்போது நூற்று மூன்றரை. மருந்துக் கடை வாசல் மிஷினில் நிறுத்தது. காசு போட்டால் சீட்டு வரும், சீட்டை நோட்டில் ஒட்டியிருக்கிறேன். உன் மாமா, "பாலத்துல விரிசல் விட்டிருக்காம், கார்ப்பரேஷன்காரன் ஆளத் தேடிட்டு இருக்கான்" என்கிறார். அவருக்குத் தொழில் அது.

ஒன்று கேட்க வேண்டும். கறை முன்பு புள்ளி புள்ளியாக இருந்தது. இப்போது நாளுக்கு மூன்று முறை துணி மாற்ற வேண்டியிருக்கிறது. ஸ்கூல் யூனிஃபார்ம் தைத்து மிஞ்சின பருத்தித் துண்டுகளை நாலாக மடித்துத் தைத்து வைத்திருக்கிறேன். கறுப்புப் பாவாடை தவிர வேறு உடுத்துவதில்லை. பட்டன் துளைக்குக் காஜா எடுக்க வருகிற அம்மா, "யார் செத்துட்டாங்கன்னு தெனமும் கறுப்பு?" என்று கேட்டாள்.

எத்தனை கிலோ குறைந்தால் இது நிற்கும்? சரியான கணக்கு இருந்தால் எழுது. ஒண்ணாம் பக்கம் அதுவரை தாங்குவாள். கணக்குத் தெரியாமல் போவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் சீக்கிரம் பதில் போடு.

அக்கா


ஜூலை 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சீக்கிரம் என்று எழுதியும் இத்தனை தாமதம். பாப்பாவுக்குப் பல் முளைக்கிறது, காய்ச்சல், அழுகை. உன் கடிதம் மேஜையில் இருந்து என்னை முறைத்துக்கொண்டே இருந்தது. அதைப் பார்க்கும்போதெல்லாம், வேறு யாருக்கோ நான் ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று ஒரு எரிச்சல் வந்தது. உண்மையைச் சொல்கிறேன்.

நிற்கவில்லையா? அப்படியானால் ஒளிந்து தின்கிறாள். நாலரைக் கிலோ எல்லாம் ஒரு குறைப்பா? நூற்றெட்டில் நாலரை என்பது கடலில் ஒரு குடம். பத்து என்றேன், பத்து முடியட்டும். அளவு எடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு உன்னையும் ஏமாற்றுவாள், ஜாக்கிரதை.

யாரையோ சொல்கிறேனே, என் கதை என்ன தெரியுமா? பிள்ளை பெற்ற பிறகு பழைய உடை ஒன்றுகூட ஏறவில்லை. கர்ப்பத்தில் வந்த சர்க்கரையும் முழுசாக விடவில்லை. மாதவிடாய் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தலைகாட்டுகிறது. பால் கொடுப்பதால் என்று விட்டுவிட்டேன். மாமியார், "குழந்தைக்குப் போக வேண்டியதெல்லாம் உனக்கே போகுது" என்கிறார். எனக்கு வெளியே போட்டுக்கொள்ள ஒரு கவுன் தைத்து அனுப்பேன். அளவு இதோ: மார்பு நாற்பத்து மூன்று, வயிறு நாற்பது, இடுப்பு நாற்பத்தாறு. நோட்டில் ஏற்றும்போது சிரிக்காதே.

உன் உடம்பு தேவலையா? கறுப்பு உனக்கு நன்றாகத்தான் இருக்கும், ஒல்லியாகக் காட்டும்.

தங்கை


ஆகஸ்ட் 5

சின்னவளுக்கு,

பாப்பாவுக்குப் பல் வந்த செய்தி சந்தோஷம்.

ஒண்ணாம் பக்கம் ஒளிந்து தின்னவில்லை.

தொண்ணூற்றேழு கிலோ. பதினொன்று குறைந்துவிட்டது. நீ சொன்ன பத்துக்கு மேலேயே ஒரு கிலோ. சீட்டை இதோடு வைத்திருக்கிறேன், நீ நம்ப வேண்டும் என்பதற்காக. உன் மாமா முதல் தடவையாக, "பரவாயில்லயே, கழுத்து தெரியுது" என்றார்.

நிற்கவில்லை.

உன் கவுனுக்கு நீலத்தில் துணி எடுத்து வைத்திருக்கிறேன். கொஞ்சம் அசதியாக இருக்கிறது. தைத்து அனுப்புகிறேன்.

அக்கா


செப்டம்பர் 14

தங்கச்சிக்கு,

உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்கள் அக்கா கடையில் ஆறு வருஷமாகக் காஜா எடுத்துப் பட்டன் கட்டுகிறேன். உங்களுக்குப் பிள்ளை இருக்கிறது, திடுக்கென்று போனில் சொல்லாதே என்று அக்காதான் எழுதச் சொன்னார். எனக்குச் சுற்றி வளைத்து எழுத வராது.

போன மாசக் கடைசியில் அக்கா கட்டிங் மேஜையிலேயே சாய்ந்துவிட்டார். தூக்கிப் பார்த்தால் நாற்காலி நனைந்திருந்தது. உங்கள் மாமாவுக்குச் சொல்லி அனுப்பினால், "டயட்டுல மயங்கியிருப்பா, சோடா குடு" என்றார். நானும் ரொட்டிக் கடைக்காரம்மாவும்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஸ்கேன் பார்த்து, உள்ளேயிருந்து சதை எடுத்துப் பரிசோதித்து, கர்ப்பப்பையில் புற்றுநோய் என்று சொன்னார்கள். வயிற்றுக்குள் பரவி நுரையீரலிலும் இரண்டு இடத்தில் இருக்கிறதாம்.

டாக்டரம்மா அக்காவைப் பிடித்து உலுக்காத குறை. "நின்னு ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு சொட்டுப் பட்டாலும் மறுநாளே வரணும்மா. இது வாசல்ல நின்னு பேர் சொல்லிக் கூப்பிடற நோய். முதல்லயே வந்திருந்தா பெரும்பாலும் கர்ப்பப்பைய எடுத்துட்டு வீட்டுக்கு அனுப்பியிருப்போம். எட்டு மாசமா என்ன பண்ணீங்க?"

அக்கா சொன்னார்: "எளச்சிட்டு வரச் சொன்னாங்க."

"எந்த டாக்டர் சொன்னது?"

"டாக்டர் இல்ல. படிச்சவங்க."

பேர் சொல்லவே இல்லை. நான்தான் பிறகு துணி எடுக்கக் கடைக்குப் போனபோது அளவு நோட்டைத் திறந்தேன். ஒண்ணாம் பக்கத்தில் உங்கள் கடிதங்களை மடித்து வைத்திருக்கிறார். படித்துவிட்டேன், மன்னிக்கவும். நானும் உடம்பு பெருத்தவள்தான். அந்தக் கண்ணாடி வரியை மறக்க முடியவில்லை.

அந்தப் பக்கத்தின் மேலே சின்னப் பிள்ளை எழுத்தில் "என் அக்கா" என்று எழுதி, பிறகு அடித்து "1" என்று போட்டிருக்கிறது. அது உங்கள் கையெழுத்து என்று அக்கா சொன்னார்.

காஜாக்காரி


செப்டம்பர் 23

அக்கா, என் அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை. எத்தனை தடவை போன் பண்ணினேன், நீ எடுக்கவில்லை. மாமாதான் எடுத்தார். "தூங்குறா" என்றார். ஒரு ஜோக்கும் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

நான் ரொட்டிக் கடைக்காரம்மா என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கடையின் முதல் வாடிக்கை அவள்தான் என்று மனசில் பதிந்துவிட்டது. மாவு, சர்க்கரை என்று எழுதினதெல்லாம் அவள் கடையை நினைத்து. உன் கடிதம் மிஷினில் கூழாகிப் போயிராவிட்டால் எனக்குப் புரிந்திருக்கும். நீயாவது ஒரு தடவை, ஒரே ஒரு தடவை "நான்" என்று எழுதியிருக்கக் கூடாதா?

நீ என்று தெரிந்திருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடச் சொல்லியிருப்பேன். என்ன படித்தேனோ அதெல்லாம் சரிதான் அக்கா. கொழுப்பு, ஈஸ்ட்ரோஜன், லைனிங், எல்லாம் சரி. உடம்பு இளைத்தால் ஆபத்து குறையும் என்பதுகூடச் சரி. ஏற்கெனவே படுகிறவளுக்கு அது மருந்தில்லை என்ற ஒன்றை மட்டும் நான் யோசிக்கவே இல்லை. யாரோ ஒரு குண்டம்மா என்பதால் யோசிக்கவில்லை. நீ என்றால் அந்த வார்த்தைகளை எழுதியிருப்பேனா? கண்ணாடி, ஒளிந்து தின்பது, அதெல்லாம் உனக்கு இல்லை. உனக்கு இல்லவே இல்லை.

வர வேண்டும் என்று துடிக்கிறேன். பாப்பாவுக்கு இன்னும் பாஸ்போர்ட் வரவில்லை, விட்டுவிட்டு வர முடியாது, அவள் என்னைத் தவிர யாரிடமும் குடிக்க மாட்டாள். இரண்டு மாதம் பொறு. எனக்காகப் பொறு.

கவுன் எல்லாம் வேண்டாம். நீ மிஷின் பக்கம் போகாதே.

உன் தங்கை


அக்டோபர் 11

சின்னவளுக்கு,

இந்தக் கடிதத்தைப் பாக்கெட்டில் வைக்கவில்லை. கவுனின் நெஞ்சுப் பக்கத்தில் நாலு ஊசி குத்தி வைத்திருக்கிறேன். துவைக்கிறவர்கள் கையில் குத்தும்.

சுகம் கேட்டிருந்தாய். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றுகிறார்கள். கத்தரிக்கோல் ஹார்மோனையே மாத்திரையாகவும் கொடுத்துப் பார்க்கிறார்கள். தலைமுடி போய்விட்டது. எண்பத்து நாலு கிலோ. உன் மாமா வாசலில் உட்கார்ந்திருக்கிறார், வருகிறவர்கள் "நல்லா எளச்சிட்டீங்களே" என்று சொல்லிவிடக் கூடாதே என்று தடுக்கிறார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்குச் செய்த முதல் காவல்.

நீ யாரை நினைத்து எழுதினாய் என்று தெரிந்துகொண்டேன். ரொட்டிக் கடைக்காரம்மா தினமும் எனக்குக் கஞ்சி கொண்டுவருகிறாள். அவளுக்கும் கர்ப்பப்பை உண்டு. நான் "நான்" என்று எழுதியிருந்தால் பிழைத்திருப்பேன் என்கிறாய். அப்படியானால் நீ எழுதினது எனக்குப் பொருந்தாது, அவளுக்குப் பொருந்தும். நான் உன்னைக் காலேஜுக்கு அனுப்பினது அதைப் படிக்கவா?

ஆறு மாசம் அது என்னிடம் என் தங்கை பேசின பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். கோபம் இருந்தும் கேட்டேன். இப்போது கோபம் இல்லை. கேட்டதுதான் வலிக்கிறது.

கவுன் வேண்டாம் என்றாய். அதை முன்பே வெட்டிவிட்டேன். நான் முடிக்க முடியவில்லை, கழுத்தும் கையும் காஜாக்காரி தைத்தாள். இந்தத் தடவை உள்ளே துணி விடவில்லை. சரியாக உன் அளவு.

அளவை நோட்டில் ஏற்றினேன், சிரிக்கவில்லை. உனக்குத் தனிப் பக்கம் போடலாம் என்று புரட்டினேன். அப்புறம் ஒண்ணாம் பக்கத்தில் எனக்கு இப்போதைய உன் வயசான முப்பத்து மூன்று நடந்த வருஷத்தைப் பார்த்தேன். மார்பு நாற்பத்து மூன்று. வயிறு நாற்பது. இடுப்பு நாற்பத்தாறு. அந்த வருஷம் எனக்கும் மூன்று மாசத்துக்கு ஒரு தடவைதான் வந்துகொண்டிருந்தது. சர்க்கரையும் இருந்தது. நானும் அதற்கு ஏதோ ஒரு காரணம் சொல்லி விட்டுவிட்டேன்.

உன் அளவை அதே வரிசையில், என்னுடையதற்கு எதிரே எழுதிவிட்டேன். பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். டாக்டரிடம் எடுத்துப் போ. அவர்கள் மிஷினில் ஏற்றித் திட்டினால் திட்டட்டும், இறங்கி உட்கார்ந்து, கேட்க வேண்டியதைக் கேள்.

இளைத்துவிட்டுப் போகாதே. போய்விட்டு இளை.

அக்கா